கை கொடுத்தவர்கள்

1721 ஆகஸ்ட் 9ஆம் தேதி லண்டன் நியூகேட் சிறையில் ஆறு பேருக்கு நல்ல காலம் பிறந்தது. மூன்று ஆண், மூன்று பெண். எல்லாரும் தூக்குக்குக் காத்திருந்தவர்கள். அரசாங்கம் வைத்த பேரம் எளிமையானது. கழுத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் அதற்குப் பதிலாகக் கையைக் கொடுத்தால் போதும். கையைக் கீறி, பெரியம்மைக் கொப்புளத்துச் சீழை அதில் தடவுவார்கள். செத்தால், எப்படியும் சாக இருந்தவர்கள்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். (அரசாங்கத்தின் மனத்தை.) பிழைத்தால் வீட்டுக்குப் போகலாம்.

ஆறு பேரும் பிழைத்தார்கள். அதில் ஒருவன் ஏற்கெனவே பெரியம்மை கண்டு மீண்டவன் என்று பிறகு பேச்சு வந்தது. காய்ச்சல்கூட இல்லாமல் தூக்குமேடைக்கு டிமிக்கி கொடுத்திருக்கிறான் மனிதன். எலிசபெத் ஹாரிசன் என்ற 19 வயதுப் பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நீ பிழைத்தது போதாது, இனிமேல் உனக்கு அம்மை வராது என்பதையும் நிரூபி என்றார்கள். ஹெர்ட்ஃபோர்டுக்கு அனுப்பி, அம்மை கண்ட ஒரு பையனுக்குப் பணிவிடை செய்யவைத்து, அவனோடு ஒரே கட்டிலில் படுக்கவும் வைத்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்படியும் அரண்மனைக்குச் சந்தேகம் தீரவில்லை. அடுத்து செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்து அநாதைக் குழந்தைகளைக் குத்திப் பார்த்தார்கள். அதுவும் நல்லபடியாக முடிந்த பிறகுதான், 1722 ஏப்ரலில், வேல்ஸ் இளவரசி கரோலின் தம்முடைய இரண்டு பெண்களின் கையை நீட்டச் சொன்னார். முதலில் தூக்குக் கைதி, அடுத்து அநாதைக் குழந்தை, கடைசியில் ராஜகுமாரி. பிற்காலத்தில் மருந்துச் சோதனைக்கு மூன்று கட்டம் வகுத்தவர்கள் இந்த வரிசையைப் பார்த்துத்தான் வகுத்தார்களோ என்னவோ.

தடுப்பூசியின் வரலாறு என்று நமக்குச் சொல்லித்தந்ததெல்லாம் மூளை கொடுத்தவர்களின் வரலாறு. அவர்களுக்குச் சிலை உண்டு, தபால்தலை உண்டு, அறிவியல் பாடத்தில் கேள்வியும் உண்டு. கை கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். மூளைக்காரரும் கைக்காரரும் ஒரே ஆளாக இருந்த சந்தர்ப்பம் மிக அபூர்வம்.

இங்கிலாந்தில் இந்தக் கூத்தைத் தொடங்கிவைத்தவர் மேரி வோர்ட்லி மாண்டேகு சீமாட்டி. 1715இல் பெரியம்மை வந்து அவருடைய அழகையும் கண்ணிமை மயிரையும் வாங்கிக்கொண்டு போயிருந்தது. தம்பியை அதற்கு முன்பே கொண்டுபோய்விட்டது. கணவர் தூதராகப் போன துருக்கியில் அவர் கண்டது இது: செப்டம்பர் மாதம் வெயில் தணிந்ததும், ஒரு கிழவி கொட்டை ஓட்டில் அம்மைச் சீழை எடுத்துக்கொண்டு வருவாள், பதினைந்து, பதினாறு பேர் விருந்துக்குக் கூடுவதுபோலக் கூடுவார்கள், எந்த நரம்பில் வேண்டும் என்று கேட்டு ஊசியால் கீறிவிட்டுப் போவாள், எட்டாம் நாள் காய்ச்சல், இரண்டு மூன்று நாள் படுக்கை, அதோடு ஆயுளுக்கும் பெரியம்மை கிடையாது. சீமாட்டி அசந்துபோனார். 1718 மார்ச்சில், கணவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ஐந்து வயது மகனின் கையை நீட்டவைத்தார். கிரேக்கக் கிழவியின் கை நடுங்கியது, ஊசியும் துருப்பிடித்தது. ஒரு கையை அவள் முடித்ததும், பார்த்துக்கொண்டிருந்த தூதரக மருத்துவர் மெய்ட்லண்ட் பொறுக்கமாட்டாமல் மற்றக் கையைத் தம் கத்தியால் கீறினார். பிற்பாடு நியூகேட்டில் ஆறு பேரைக் கீறியவரும் இந்த மெய்ட்லண்ட்தான். தூதரகப் பாதிரியாரோ, இந்த வித்தை துருக்கியருக்குத்தான் பலிக்கும், கிறிஸ்தவ உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று அபிப்பிராயம் சொன்னார். அம்மைக்கு ஞானஸ்நானப் பதிவேட்டைப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை.

லண்டன் மருத்துவர்களுக்கு இதில் ஒரு தொழில் சிக்கல் இருந்தது. கிழவி ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற வேலைக்கு என்ன பெரிய கட்டணம் கேட்பது? எனவே வைத்தியத்தைக் கௌரவமாக்கினார்கள். குத்துவதற்கு முன்னால் வாரக்கணக்கில் ரத்தம் இறக்குவது, பேதிக்குக் கொடுப்பது, பட்டினி போடுவது. நோயாளி எலும்பும் தோலுமாக ஆன பிறகு அம்மை குத்துவார்கள். 1757 வாக்கில், குளோஸ்டர்ஷயரில் எட்டு வயதுப் பையன் ஒருவனை இப்படி வாட்டி எடுத்து, மற்றப் பிள்ளைகளோடு ஒரு லாயத்தில் அடைத்துவைத்தார்கள். பையன் பெயர் எட்வர்ட் ஜென்னர். அவன் அதை மறக்கவே இல்லை, பின்னால் வருவான்.

நியூகேட் நாடகம் நடந்த அதே 1721இல், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பாஸ்டன் நகரத்தில் பெரியம்மை கோரத்தாண்டவம் ஆடியது. அங்கே மூளைக்காரர் பாதிரியார் காட்டன் மேதர். அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லி ஆட்களைத் தூக்கில் போட்ட காலத்தில் அதற்குப் பக்கமேளம் வாசித்தவர். ஆனால் இந்த விஷயத்தில் அவருடைய மூளையும் இரவல்தான். அவருக்குச் சபையார் ஓர் அடிமையை 1706இல் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். ஒனேசிமஸ் என்று மேதர்தான் அவருக்குப் பெயர் வைத்தார். உனக்குப் பெரியம்மை வந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, வந்தது என்றும் சொல்லலாம், வரவில்லை என்றும் சொல்லலாம் என்ற பொருளில் ஒனேசிமஸ் பதில் சொன்னார். பிறகு கையில் இருந்த தழும்பைக் காட்டி, ஆப்பிரிக்காவில் தம் ஊரில் இதைச் சின்ன வயதிலேயே செய்துவிடுவார்கள் என்று விளக்கினார். மேதர் அதைக் குறித்துவைத்தார். கொள்ளைநோய் வந்ததும் ஊர் மருத்துவர்களுக்கெல்லாம் எழுதினார். ஜப்தியேல் பாய்ல்ஸ்டன் ஒருவர்தான் துணிந்தார். தம் ஆறு வயது மகனையும் இரண்டு அடிமைகளையும் குத்தினார். ஊர் கொதித்தது. மேதரின் வீட்டு ஜன்னல் வழியாக ஒரு வெடிகுண்டு வந்து விழுந்தது. கூடவே ஒரு சீட்டு. அதில் அவரை நாயே என்று விளித்து, இதோ உனக்கும் குத்துகிறேன் என்று எழுதியிருந்தது. நல்ல வேளை, குண்டு வெடிக்கவில்லை. கணக்கு முடிந்தபோது, குத்திக்கொண்ட சுமார் 240 பேரில் இறந்தவர்கள் 6. அம்மையில் இறந்த ஊர்க்காரர்கள் 844. குண்டு வீசியவர் எந்தக் கணக்கில் சேர்ந்தார் என்று தெரியாது.

லண்டனில் எட்மண்ட் மேசி என்ற பாதிரியார் 1722இல் இன்னும் ஒரு படி மேலே போனார். யோபுவின் உடம்பெல்லாம் கொப்புளமாக்கிய பிசாசு இந்த முறையைத்தான் கையாண்டிருக்கும் என்று பிரசங்கம் செய்தார். உலகின் முதல் தடுப்பூசி மருத்துவர் என்ற பட்டம் அந்த வகையில் சாத்தானுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதுவரை சொன்னது அசல் பெரியம்மையை அளவாகக் குத்துவது. உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் உண்டு. குத்திக்கொண்டவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு முழு அம்மையைக் கொடுத்துவிடவும் கூடும். மாட்டம்மைக்கு மாறியதுதான் பெரிய திருப்பம். அந்தத் திருப்பத்தை ஜென்னருக்கு 22 வருஷம் முன்னாலேயே ஒரு குடியானவர் திரும்பிவிட்டார். டார்செட் பகுதியைச் சேர்ந்த பெஞ்சமின் ஜெஸ்டி. மாட்டம்மை தொற்றிய பால்காரிகளுக்குப் பெரியம்மை வராது என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. 1774இல் கொள்ளைநோய் நெருங்கியதும் ஜெஸ்டி மனைவியையும் இரண்டு மகன்களையும் பக்கத்து ஊர்த் தொழுவத்துக்கு நடத்திக்கொண்டு போனார். காலுறை பின்னும் ஊசியால் மாட்டின் கொப்புளத்தைத் தொட்டு அவர்கள் கையில் குத்தினார். அவருக்கு மட்டும் குத்திக்கொள்ளவில்லை. ஏற்கெனவே மாட்டம்மை வந்துபோன உடம்பு அது. மனைவி எலிசபெத் கை வீங்கி, காய்ச்சல் கண்டு, பிழைப்பாளா என்ற நிலைக்குப் போய் மீண்டாள். கொம்பு முளைக்கப் போகிறது என்று ஊர் சிரித்தது. ஜெஸ்டியைச் சந்தையில் கண்டால் கூச்சல் போட்டது.

1805இல் லண்டன் மருத்துவர்கள் சிலர் (ஜென்னரைப் பிடிக்காதவர்கள் என்று புரிந்துகொள்க) ஜெஸ்டியை வரவழைத்துப் படம் வரையவைத்தார்கள். புதுச் சட்டை தைத்துக்கொள்ளச் சொன்ன வீட்டாரிடம், கிராமத்தில் உடுத்துவதைவிட லண்டனில் எதற்கு நன்றாக உடுத்த வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்த மனிதர் அவர். ஓவியர் முன்னால் அசையாமல் உட்கார முடியாமல் நெளிந்தார். ஓவியரின் மனைவி பியானோ வாசித்து அவரை அடக்கி உட்காரவைத்தாராம். ஜெஸ்டியின் கல்லறைக் கல்லில், தம் மனவலிமையால் இந்தச் சோதனையை மனைவி மீதும் மகன்கள் மீதும் செய்து பார்த்தவர் என்ற பொருளில் வெட்டியிருக்கிறது. வீங்கியது எலிசபெத்தின் கை. வலிமை ஜெஸ்டியின் மனத்துக்கு.

லாயத்தில் அடைபட்ட பையன் இதற்குள் பெர்க்லி ஊர் மருத்துவராகியிருந்தார். ஜென்னருக்கு ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் இடம் வாங்கிக்கொடுத்தது அம்மை அல்ல, குயில். அந்நியக் கூட்டில் பொரிந்த குயில் குஞ்சு, கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளை முதுகால் நெம்பி வெளியே தள்ளுவதை அவர் எழுதினார், 1789இல் உறுப்பினரானார். பிறகு 1796 மே 14. சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரியின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்து, எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸின் கையில் இரண்டு கீறல். பையனின் அப்பா நிலமில்லாத கூலியாள்; ஜென்னர் வீட்டுத் தோட்டத்திலும் வேலை செய்தவர். முதலாளி கேட்டால் கூலியாள் என்ன சொல்வார்? ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து, ஜூலை 1 அன்று, ஜென்னர் அவனுடைய இரண்டு கையிலும் அசல் பெரியம்மையையே குத்திப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. இன்றைக்கு ஓர் ஆய்வுக் குழுவிடம் இந்தத் திட்டத்தைச் சமர்ப்பித்தால், அடுத்த விசாரணை போலீஸ் ஸ்டேஷனில்தான் நடக்கும். குயிலை ஏற்றுக்கொண்ட ராயல் சொசைட்டி மாட்டை ஏற்கவில்லை. 1798இல் ஜென்னர் சொந்தக் காசில் புத்தகம் போட்டார். அதில் ஐந்து வயது ஜான் பேக்கரும் வருகிறான். குதிரையிலிருந்து வந்த சரக்கை அவனுக்குக் குத்தினார்; பெரியம்மையைக் குத்திச் சோதிப்பதற்குள் ஏழைகள் விடுதியில் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். பாராளுமன்றம் ஜென்னருக்கு 1802இல் 10,000 பவுன், 1807இல் 20,000 பவுன் கொடுத்தது. ஃபிப்ஸுக்கு ஜென்னர் வாடகையில்லாமல் ஒரு குடிசை கொடுத்தார்.

சாராவுக்கு மாட்டம்மையைக் கொடுத்த புளாசம் என்ற மாட்டின் தோலை லண்டன் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இன்றும் மாட்டிவைத்திருக்கிறார்கள். விநோதம் என்னவென்றால், பிற்காலத்தில் உலகமெல்லாம் குத்திய தடுப்பூசிக் கிருமியின் மரபணுவைப் படித்தபோது, அது மாட்டம்மையைவிடக் குதிரையம்மைக்கு நெருக்கமாக இருந்தது. உழைத்தது குதிரையாக இருக்கலாம். கையைக் காட்டிப் புகழ் வாங்கத் தெரியாத ஜந்து.

எதற்காக ஒரு மாட்டுக் கொப்புளம் மனிதனைக் காக்க வேண்டும்? மாட்டம்மையும் பெரியம்மையும் பங்காளிகள், முகஜாடை ஒன்று. ஊருக்குள் கோழி திருட வந்த தம்பிக்காரனைப் பிடித்துக் கட்டிவைத்த ஊர், அவனுடைய மூக்கையும் மீசையையும் மறப்பதில்லை. பத்து வருஷம் கழித்து அண்ணன்காரன் அரிவாளோடு நுழையும்போது, மூக்கைப் பார்த்த மாத்திரத்தில் ஊரே கம்போடு நிற்கிறது. உடம்பில் இந்த வேலையைச் செய்பவை வெள்ளை அணுக்கள். புதுக் கிருமியின் மேற்பரப்புக்குப் பொருந்துகிற எதிர்ப்புப் புரதத்தை முதல் தடவை தயாரிக்க அவற்றுக்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பெரியம்மை அந்த அவகாசத்துக்குள் ஆளை வீழ்த்திவிடும். கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் அளவுக்கு வீழ்த்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முதல் சண்டையில் கலந்துகொண்ட அணுக்களில் சில நினைவாளிகளாகத் தங்கிவிடுகின்றன. இரண்டாம் முறை அவை சில நாளிலேயே படை திரட்டிவிடும். ஜென்னருக்கு இதில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. கிருமி என்ற ஒன்று நோய் தருகிறது என்றே அப்போது யாரும் நிறுவியிருக்கவில்லை.

சரக்கு கிடைத்தது, கொண்டுபோவது எப்படி? ஐஸ்பெட்டி கிடையாது. நூலில் தோய்த்துக் காயவைத்து, கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் வைத்து இந்தியாவுக்கு அனுப்பினால் வெயிலில் செத்துப்போனது. அம்மைப்பாலை உயிரோடு வைத்திருக்க நம்பத்தகுந்த பாத்திரம் மனிதக் கைதான். ஒருவர் கையில் குத்தி, எட்டாம் ஒன்பதாம் நாள் கொப்புளம் பழுக்கும்போது அதிலிருந்து அடுத்தவர் கைக்கு. வியன்னா, பாக்தாத், பாஸ்ரா என்று ஊர் ஊராக வந்து, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி அன்னா டஸ்ட்ஹாலின் கையில் முதன்முதலாகப் பிடித்தது. குழந்தை சமர்த்து, நல்ல சுபாவம் என்று அவளைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். அழாத குழந்தையாகப் பார்த்துத்தான் ஒரு துணைக்கண்டத்தின் பாரத்தை ஏற்றியிருக்கிறார்கள். அந்தக் கையிலிருந்து கிளம்பியதுதான் புனே, ஐதராபாத், சென்னை, கொழும்பு எல்லாம் போனது.

இங்கே சங்கடம் வேறு. அம்மை வந்தால் அம்மனே வீட்டுக்கு வந்திருப்பதாக வேப்பிலை செருகி, தாளிக்காமல், யாரையும் ஏசாமல் மரியாதையாக நடக்கிற ஊர் இது. அம்மனை வரவேற்கலாம், ஊர்பேர் தெரியாத பிள்ளையின் சீழை வரவேற்பதா? யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதி? சென்னைக் கலெக்டராக இருந்த எஃப்.டபிள்யூ. எல்லிஸ் இதற்கு ஒரு வழி கண்டார். 1816இலேயே தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டியவர், ராயப்பேட்டையில் கிணறு வெட்டிக் கல்வெட்டில் குறளைப் பொறித்தவர். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. தன்வந்திரியும் சக்தியும் பேசிக்கொள்வதாக, மாட்டம்மை என்பது தெய்வமே தந்த வரம் என்கிற மாதிரி, பழங்கால வாசனையோடு ஒரு கதையை எழுதினார். பஞ்சகவ்வியத்தை வாங்கிக்கொண்ட வாய்க்கு மாட்டின் ஆறாவது பொருள் கசக்காது என்று கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது. 1819இல் மெட்ராஸ் கூரியர் பத்திரிகைக்குக் "கல்வி விரும்பன்" என்ற பெயரில் ஒரு கடிதம் வந்தது: தன்வந்திரியின் பழைய கிரந்தத்தில் மாட்டு மடிக் கொப்புளத்தை எடுத்துக் கையில் குத்தும் முறை சொல்லியிருக்கிறது! ஐரோப்பிய மருத்துவப் பத்திரிகைகள் அதை அப்படியே நம்பின. இந்தியர்களை ஏமாற்றச் செய்த சரக்கு பாரிஸில் விலைபோனது. நம் முன்னோருக்கு அப்போதே தெரியும் என்று இன்றைக்கும் மார்தட்டுபவர்களில் சிலர், தெரியாமலே ஒரு வெள்ளைக்கார உத்திக்குத்தான் கொடி பிடிக்கிறார்கள்.

மைசூரில் கைக்கு அபூர்வமாக மரியாதை கிடைத்தது. 1805 வாக்கில் தாமஸ் ஹிக்கி வரைந்த படத்தில் மூன்று அரண்மனைப் பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி சேலையைச் சற்று ஒதுக்கி மேல்கையைக் காட்டுகிறாள். அது தடுப்பூசிக்கான விளம்பரம் என்பது வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலரின் வாதம். வெகுகாலம் அந்தப் பெண்களை நாட்டியக்காரிகள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கைகளைக் கப்பலில் ஏற்றிய கதைக்கு ஸ்பெயினுக்குப் போக வேண்டும். நான்காம் கார்லோஸ் ராஜாவின் மகளைப் பெரியம்மை கொண்டுபோயிருந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் தடுப்பூசி அனுப்ப மருத்துவர் பால்மிஸ் ஒரு திட்டம் கொடுத்தார். 1803 நவம்பர் 30 அன்று லா கொருன்யா துறைமுகத்திலிருந்து மரியா பீட்டா கப்பல் கிளம்பியது. உள்ளே 22 சிறுவர்கள், அநேகமாக எல்லாரும் அநாதைகள், வயது மூன்று முதல் ஒன்பது. அவர்கள் பயணிகள் இல்லை, பாத்திரங்கள். ஒன்பது பத்து நாளுக்கு ஒரு தடவை இரண்டிரண்டு பேராகக் குத்த வேண்டும். ஒருவன் சொறிந்து கெடுத்துக்கொண்டாலும் மற்றவன் இருப்பான். பழுத்த கொப்புளக்காரன் பழுக்காதவன் மேல் உரசக்கூடாது. மூன்று வயதுப் பிள்ளைகளை உரசாமல், சொறியாமல், கடலில் விழாமல் பார்த்துக்கொள்ள அனுப்பிய பெண் ஒரே ஒருத்தி: அநாதை விடுதி நிர்வாகி இசபெல் செந்தால். அவள் மகனும் அந்த 22 பேரில் ஒருவன். பால்மிஸ் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதிய அதிகாரிகள் இவள் பெயரை ஆவணத்துக்கு ஒரு விதமாக எழுதிவைத்தார்கள்.

பால்மிஸுக்குச் சனி திசை. புவேர்ட்டோ ரிக்கோவில் இறங்கினால், பக்கத்துத் தீவிலிருந்து தடுப்பூசி முன்பே வந்துவிட்டது. கோபத்தில் உள்ளூர் மருத்துவரோடு சண்டை பிடித்தார். வெனிசுவேலாவை அடையும்போது ஒரே ஒரு பையன் கையில்தான் உயிருள்ள கொப்புளம் மிச்சம். கியூபாவிலும் வேறொருவர் முந்திவிட்டார். அங்கிருந்து மேலே போகக் கை போதாமல் மூன்று அடிமைப் பெண்களைக் காசு கொடுத்து வாங்கினார். 1805இல் மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு இன்னும் 26 பையன்கள். அந்தக் கப்பலில் அவர்களைத் தரையில் படுக்கப்போட்டார்கள். கப்பல் ஆட ஆட ஒருவர்மேல் ஒருவர் உருண்டு, மருத்துவர் குத்தாமலே தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். பால்மிஸ் 1806இல் ஊர் திரும்பி ராஜாவின் கையை முத்தமிட்டார். ஸ்பெயின் பையன்கள் திரும்பவில்லை. அவர்களை மெக்சிகோவிலேயே ஏழைகள் விடுதியில் விட்டாயிற்று.

கைக்குக் கை மாற்றுவதில் அம்மைப்பாலோடு வேறு விருந்தாளிகளும் வருவார்கள். 1861இல் இத்தாலியின் ரிவால்டா ஊரில் இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது. அதன் பிறகு கன்றுக்குட்டிகள் அந்த வேலையை ஏற்றன. தடுப்பூசியைக் கட்டாயமாக்கிய சட்டத்தை எதிர்த்து 1885இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து மக்கள் ஊர்வலம் போய் ஜென்னருக்குக் கொடும்பாவி கட்டினார்கள். மாட்டம்மை குத்தினால் உடம்பிலிருந்து மாடு முளைக்கும் என்று கில்ரே என்ற ஓவியர் 1802இலேயே கேலிச்சித்திரம் போட்டுவிட்டதால், பயத்துக்குப் புதிய சரக்கு தேட வேண்டியிருக்கவில்லை.

பெரியம்மைக்கு ஒரு பலவீனம் இருந்தது: மனிதனைத் தவிர ஒளிந்துகொள்ள வேறு பிராணி கிடையாது. ஆகவே ஊர் முழுக்கக் குத்தாமல், நோயாளியைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றி இருப்பவர்களை வளைத்துக் குத்தினாலே அது மேலே நகர வழியில்லாமல் செத்துவிடும். 1967இல் உலக சுகாதார நிறுவனம் முடுக்கிய வேட்டை, பத்து வருஷத்தில் சோமாலியாவின் மெர்க்கா நகரம் வரை துரத்திப்போய்விட்டது. அங்கே அரசு மருத்துவமனைச் சமையல்காரர் அலி மாவ் மாலின், வயது 23. ஆஸ்பத்திரி ஆட்கள் எல்லாரும் குத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. வலிக்கும் போலிருக்கிறதே என்று அவர் மட்டும் நழுவிவந்தார். 1977 அக்டோபர் 12 அன்று, அம்மை கண்ட இரண்டு குழந்தைகளோடு வந்த வண்டி வழி கேட்டது. வழி காட்ட ஏறிக்கொண்டார். குத்திக்கொண்டாயா என்று ஓட்டுநர் கேட்டதற்கு, அதைப் பற்றிக் கவலைப்படாமல் வண்டியை எடு என்றாராம். சில நிமிஷப் பயணம்.

காய்ச்சல் வந்தது, மலேரியா என்றார்கள். கொப்புளம் வந்தது, சின்னம்மை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். துப்புக் கொடுத்தால் பரிசு என்று அறிவித்திருந்ததால், கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் போட்டுக்கொடுத்துவிட்டார். இயற்கையாகப் பெரியம்மை கண்ட உலகத்தின் கடைசி மனிதர் அவர்தான். பிழைத்துக்கொண்டார், அவரிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை. ஆனால் அடுத்த இரண்டு வாரத்தில், ஆஸ்பத்திரியைப் பூட்டி, ஊருக்குள் வரும் சாலைகளை மறித்து, வீடு வீடாக ஏறி, 50,000 பேருக்கு மேல் பிடித்துக் குத்தினார்கள். ஒருவர் கையை நீட்டாததற்கு.